திண்ணையை இடித்த கதை

சடுகுடு ஆடுவதற்கு வேண்டிய மூலதனம் என்ன? மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். கோடு கிழிக்க ஒரு குச்சி, அந்தக் கோட்டைத் தாண்டிப் போக ஒரு மூச்சு, பிறகு சட்டையைக் கிழித்துக் கொண்டு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிக் கொள்ளும் மனோதைரியம் - இவ்வளவுதான். இத்தனை சிக்கனமான விளையாட்டை நம்முடைய தேசத்தார்தான் கண்டுபிடித்திருக்க முடியும். 1936-ம் வருஷம் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியின் வாலிபர்கள் அங்கே போய் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். 1990-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் அது பதக்கத்துக்குரிய பந்தயமாக ஏறியது. இப்போது கட்சிக்கு ஏழு பேர், ஒரு பாட்டுக்கு 30 விநாடி என்றெல்லாம் சட்ட திட்டங்கள் ஏற்பட்டுவிட்டன. பட்டணத்தில் மெத்தென்ற விரிப்பின் மேல் ஆடுகிறார்கள். கிராமத்தில் இன்னும் மண்தான்.

கோடைக் காலம் வந்துவிட்டால் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சுவரும் காலியாக இராது. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் சுவரொட்டிகள் தோன்றும். முதற் பரிசு இத்தனை ரூபாய், சுழற் கோப்பை உபயம் இன்னார் என்று அச்சிட்டிருக்கும். உபயகாரர்களின் முகங்கள் பெரிதாயிருக்கும்; ஆடுகிறவர்களின் முகங்கள் இருப்பதே இல்லை. ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பமாகி விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவரின் தொண்டை கட்டிப் போவதைக் கேட்டே இது கால் இறுதியா அரை இறுதியா என்று படுக்கையில் இருந்தபடி சொல்லிவிடலாம்.

பாடிப் போகிறவனை எதிர்க் கட்சியார் பிடிக்கும் விதங்கள் பல. கணுக்காலை வாரிவிடுவார்கள், தொடையைக் கட்டிக் கொள்வார்கள், இடுப்பைப் பின்னாலிருந்து வளைப்பார்கள், கை கோத்த சங்கிலியாக வந்து அமுக்குவார்கள். கால் ஒருவன் கையிலும், இடுப்பு மற்றொருவன் கையிலும், முதுகின் மேல் மூன்றாமவன் உடம்பும் இருக்கும்போது, தலை எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க ஆள் கிடையாது. மனிதனுடைய கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் உள்ளே சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு நரம்புத் தண்டு. மூளையின் உத்தரவுகள் அந்த வழியாகத்தான் கீழே போக வேண்டும். உடம்பின் சமாசாரங்கள் அந்த வழியாகத்தான் மேலே வர வேண்டும். அது நசுங்கிப் போனால் பழையபடி ஆக்குவதற்கு இன்று வரையில் வைத்தியம் ஏற்படவில்லை.

2015-ம் வருஷம் வைகாசி மாதத்தில் ஓர் இரவு இரண்டரை மணிக்கு நம்முடைய சித்தப்பா மகனுக்கு இது நேர்ந்தது. அப்போது அவனுக்கு வயது 23. பாடிப் போவதில் அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் உத்தியோகம் கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். சித்தி அந்தச் சம்பளத்தை மனத்திற்குள் மூன்று முறை செலவு செய்தும் விட்டாள். அவனைப் பிடித்தவர்கள் முரடர்கள் அல்லர். பிடி தவறானதும் அல்ல. விழுந்த விதம் அப்படி. மேலே கிடந்தவர்கள் எழுந்தார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. "காலைக் காணோமே, என் காலைக் காணோமே!" என்று மட்டும் சொன்னானாம்.

பிறகு நான்கு பேர் நல்லெண்ணத்துடன் ஓடி வந்தார்கள். இருவர் கையையும் இருவர் காலையும் பிடித்துத் தூக்க, தலை பின்னால் தொங்க, ஒரு சுமை ஆட்டோவில் போட்டுக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி 14 கிலோமீட்டர். அந்தச் சாலையைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும். கழுத்து எலும்பு பெயர்ந்த மனிதனைப் பலகையில் கிடத்தி, தலை அசையாமல் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்பது அந்த நால்வருக்கும் தெரியாது; மைதானத்தில் கூடியிருந்த இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது. "விழுந்ததில் எவ்வளவு போயிற்று, தூக்கியதில் எவ்வளவு போயிற்று?" என்று நாம் பின்னால் ஒரு வைத்தியரைக் கேட்டோம். "அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது" என்றார் அவர்.

கழுத்தில் உலோகத் தகடு வைத்துச் சிகிச்சை செய்தார்கள். உயிர் தங்கியது. சில மாதங்களுக்குப் பிறகு வேலூரில் பாகாயம் என்னும் இடத்திலுள்ள மறுவாழ்வு நிலையத்துக்கு அவனைக் கொண்டு போனோம். 1966-ல் ஏற்பட்ட அந்த நிலையம் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. அம்மையாரே 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து நடை இழந்தவர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, குஷ்ட நோயால் மடங்கிப் போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அப்பால் வெளிநாடு சென்று இந்த மறுவாழ்வு வைத்தியத்தைக் கற்றுக் கொண்டு திரும்பியவர்.

அங்கே சித்தி ஒரு மாணவியாகச் சேர்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். உணர்ச்சியற்ற உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகிப் புண்ணாகிவிடும். ஆகையால் இரவிலும் பகலிலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். ஒரு காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களை வைத்தியர்களே கைவிட்டு விடுவது வழக்கம். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களைக் கொண்டு போயின. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்று ஒரு பகுதியை ஆரம்பித்து, இந்தத் திருப்பிப் போடும் காரியத்தைக் கண்டிப்பாக நடத்தினார். பிழைத்தவர்கள் சும்மா இருக்கலாகாது என்று அவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் துவங்கிய அதே தினத்தில், அவருடைய ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்று உலகம் பாராலிம்பிக் என்று கொண்டாடுவது அங்கே முளைத்ததுதான். சித்திக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. தலைமாட்டில் ஒரு அலாரக் கடிகாரம் வைத்திருந்தாள்; அது அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே எழுந்துவிடுவாள்.

பையனுக்கு எஞ்சியிருந்தது என்ன? தோள் இரண்டும் இருந்தன. முழங்கையை மடக்கலாம். மணிக்கட்டை மேலே தூக்கலாம். விரல்கள் இல்லை. ஆனால் இயற்கை ஒரு சிறு தந்திரத்தை விட்டு வைத்திருக்கிறது. மணிக்கட்டை மேலே வளைத்தால் உள்ளேயுள்ள தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே மடங்குகின்றன. கீழே தொங்கவிட்டால் திறக்கின்றன. இந்த ஒன்றைக் கொண்டு டம்ளரைப் பிடிக்கலாம், கரண்டியைப் பிடிக்கலாம். பிடிக்கலாம் என்று எழுதுவது எளிது. அவன் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கீழே போடாமல் வாய் வரையில் கொண்டு போவதற்கு 40 நாள் ஆயிற்று. விளையாட்டுக்காரன் என்பதால் ஒரு அனுகூலம் இருந்தது: ஒரே காரியத்தை நூறு தடவை தவறாகச் செய்து நூற்றொன்றாவது தடவை செய்வதில் அவனுக்கு அவமானம் தோன்றவில்லை. மற்றப்படி, விளையாட்டுக்காரனுக்கு மனவுறுதி அதிகம் என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதுகிறோமே, அதை நாம் அங்கே கண்கூடாகப் பார்க்கவில்லை. அவன் அழுதான். இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் பனைமரத்திலிருந்து விழுந்த ஒரு தொழிலாளி இருந்தார். அவரும் அப்படித்தான் அழுதார், அப்படித்தான் தேறினார்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆப்பிளும் ஆளுக்கொரு கதையும் கொண்டு வந்தார்கள். அவற்றில் முரளிகாந்த் பேட்கரின் கதை பல தடவை வந்தது. அது உண்மையிலேயே பெரிய கதை. இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராயிருந்தவர். 1965-ம் வருஷத்து யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து நடக்க முடியாதவரானார். நீச்சல் பழகி, 1972-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். நம்முடைய தேசத்துக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. 2018-ல்தான் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்தக் கதையை உருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டுப் போன பிறகு, பையன் நம்மைப் பார்த்து, "அண்ணே! அவர் வீட்டு வாசலில் எத்தனை படி?" என்று கேட்டான்.

நாம் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் நம்முடைய வீட்டு வாசலில் எத்தனை படி என்று அந்தக் கணத்தில் எண்ணிக் கொண்டிருந்தோம். நான்கு.

அந்த நாட்களில் நாம் இதே மாதிரி விபத்துகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தோம். ஜில் கின்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் சரித்திரம் அப்படித்தான் கிடைத்தது. கலிபோர்னியா மாகாணத்தில் பிஷப் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பனிச்சறுக்கு அவருடைய விளையாட்டு. காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக் கொண்டு, பனி மூடிய மலைச்சரிவில், நட்டு வைத்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து பாய்ந்து இறங்க வேண்டும். காவேரி மணலில் கால் பொசுங்கி வளர்ந்த நமக்கு அதைக் கற்பனை செய்வதே பற்கள் கிட்டிப் போகிற காரியம். அடுத்த வருஷத்து ஒலிம்பிக்குக்குப் போவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தபோது, 1955 ஜனவரி 30-ந் தேதி யூட்டா மாகாணத்து ஆல்டா மலையில் பந்தயத்தில் விழுந்து கழுத்தை முறித்துக் கொண்டார். வயது 18. ஜனவரி 31 என்று தேதியிட்ட 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையின் அட்டையில் அவருடைய படம் சிரித்துக் கொண்டிருந்தது. விதி சில சமயம் பத்திரிகை ஆசிரியர்களைக் கூட விட்டு வைப்பதில்லை.

தோளுக்குக் கீழே செயலற்றுப் போன அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்து ஜெர்மன் பாஷையில் பட்டம் பெற்றார். பிறகு ஆசிரியர் பயிற்சி பெற விரும்பினார். அங்கேதான் கதவு சாத்தியது. நாற்காலியில் இருப்பவர் எப்படி வகுப்பு நடத்துவார் என்பது அதிகாரிகளின் கேள்வி. அவர் அந்த ஊரை விட்டு ஸியாட்டில் நகருக்குப் போய் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் பயிற்சி முடித்தார். வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஆனார். 1975 முதல் 1996 வரை தம்முடைய பிஷப் ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். கலியாணம் செய்து கொண்டார், தூரிகை பிடித்து ஓவியம் எழுதினார், 2012-ல் காலமானார். அவரைப் பற்றி 1975-ல் சினிமா வந்தது. சினிமாக்காரர்களுக்கு மலையும் காதலும்தான் கண்ணில் பட்டன. அது அவர்கள் தொழில். நமக்கோ அந்த 21 வருஷத்துப் பள்ளிக்கூடம்தான் பெரிதாகத் தோன்றியது. மலை அவரை மறித்தது ஒரு நாள். கதவுகள் மறித்தது அதைவிட நெடுங்காலம்.

இந்தக் கதையைப் பையனிடம் சொன்னோம். அவன் ஆப்பிள்காரர்களின் கதைகளைக் கேட்டது போல் முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்துக்குள்ளே நாற்காலி போகிற மாதிரி கட்டியிருந்தால் நானும் போயிருப்பேன், டீச்சர் வேலைக்கு இல்லை, படிக்கத்தான்" என்று சிரித்தான். அவன் எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடத்தை விட மைதானத்தில் அதிகமாக இருந்தவன்.

இப்போது திண்ணைக்கு வருவோம்.

வீடு நம்முடைய தாத்தா கட்டியது. முகப்பு 36 அடி. நடுவே வாசற்படி, இரு புறமும் இரண்டரை அடி உயரத்தில் திண்ணை, தேக்குத் தூண்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டபோது, வழியில் தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று ஜில்லா கலெக்டர் உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவையும் மீறித் தாத்தா கிழக்குத் திண்ணையில் இரண்டு தொண்டர்களை உட்கார வைத்து நீர்மோர் கொடுத்தார் என்பது எங்கள் குடும்பத்துப் பெருமை. மன்னார்குடி வட்டாரத்தில் இந்தப் பெருமை இல்லாத திண்ணையே கிடையாது. எல்லாத் திண்ணைகளும் சொல்வது மெய்யானால், அந்தப் படை நீர்மோர் குடித்துக் கொண்டே போய் 1947-ல்தான் வேதாரண்யம் சேர்ந்திருக்கும். ஆனால் சித்தப்பாவிடம் இந்த வேடிக்கையைச் சொல்ல முடியாது. அவருக்கு அந்தத் திண்ணை கோயில் மாதிரி.

வேலூரிலிருந்து திரும்புமுன், வீட்டை அளந்து வரச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியின் அகலம் 26 அங்குலம்; குளியலறைக் கதவு 24 அங்குலம். அது சுவரை இடித்தால் தீர்ந்தது. வாசலுக்கு வந்தபோதுதான் தகராறு. கொத்தனார் வந்து பார்த்து, "ஆறு அடிச் சரிவு போட்டால் போதும், ஐயா! இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால் ஏறிவிடும்" என்றார். பையன் ஒத்துக் கொள்ளவில்லை. ஓர் அங்குலம் ஏறுவதற்கு 12 அங்குலம் நீளம் வேண்டும் என்று வேலூரில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டரை அடி உயரத்துக்கு 30 அடி நீளம். "அந்த இரண்டு பேர் இல்லாத நேரத்தில் நான் வெளியே போக வேண்டாமா?" என்று கேட்டான். அவ்வளவு நீளத்தை நேராகத் தெருவில் நீட்ட முடியாது. வாசலிலிருந்து கிழக்கே 15 அடி, அங்கே திரும்புவதற்குச் சமதளம், மறுபடி மேற்கே 15 அடி ஏறி வாசற்படிக்கு வர வேண்டும். அதாவது கிழக்குத் திண்ணை போய்விடும்.

"கொல்லைப் பக்கம் தரை சமமாயிருக்கிறது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வழி விட்டால் ஒரு செலவும் இல்லை" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது நியாயமில்லாத பேச்சு அல்ல. கடன் ஏற்கனவே கழுத்து மட்டும் இருந்தது. ஆனால் பையன், "நான் திருடனா, கொல்லை வழியாக வர? அப்பா, வாசல் வழியாக வராத வீடு எனக்கு ஆஸ்பத்திரிதான்" என்றான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு 19 நாள் தகப்பனும் மகனும் பேசிக் கொள்ளவில்லை. அத்தனை நாளும் நான்கு படிகளில் அவனை மூட்டை போல் தூக்கி ஏற்றி இறக்கினோம். அல்லது, பெரும்பாலும், இறக்காமலே இருந்தோம்.

சித்தப்பாவின் மனத்தில் வேறொரு யோசனையும் இருந்தது. ஆய்க்குடியில் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறதாமே, அங்கே சேர்த்துவிட்டால் பையனுக்கும் நல்லது என்று நினைத்தார். நம்மையும் அழைத்துக் கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினார். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981-ல் நிறுவியவர் ராமகிருஷ்ணன். அவர் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்று, உடல்வலுச் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்கு வைத்தியம் பார்த்த இராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் என்பவரின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். பின்னால் 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். நாம் போனபோது அங்கே சித்தப்பா யாரோடும் அதிகம் பேசவில்லை. சக்கர நாற்காலிகள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் போய் வருவதைப் பார்த்துக் கொண்டு ஒரு மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மகனைச் சேர்ப்பதற்காக எழுதிக் கொண்டு போயிருந்த மனு சட்டைப் பையிலேயே இருந்தது.

திரும்பி வரும்போது மதுரை வரையில் ஒரு வார்த்தை இல்லை. மதுரையில் டீ குடிக்கும்போது, "சரிவு அங்கே எவ்வளவு நீளம் விட்டிருக்கிறான் பார்த்தாயா?" என்றார். மறுநாள் காலையில் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

திண்ணையை இடிப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை கடப்பாரைக்கு எளிதில் மசியவில்லை. சித்தப்பா ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணி அடுக்க வைத்தார். அதே செங்கல்தான் சாய்தளத்தின் அடியில் போயிற்று. கடைசியில் நிலைப்படி மிஞ்சியது. அது நான்கு விரற்கடை உயரம். அதை அறுக்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டாள். லக்ஷ்மி இருக்கும் இடமாம். தச்சர் ஒருவர் அதற்கு வழி கண்டார். பிடுங்கிய தேக்குத் தூண் ஒன்றை அறுத்து, நிலைப்படிக்கு முன்னும் பின்னும் சாய்வாகப் பொருந்தும் இரண்டு கட்டைகள் செய்து கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் சித்தி இப்போது மூன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறாள்.

சாய்தளத்தில் முதன்முதலாக ஏறியவை இரண்டு ஆடுகள். ஐந்து நாள் ஈரம் காய்ந்த பிறகு பையன் இறங்கினான். தோளால் சக்கரத்தைத் தள்ளி ஏறி வருவதற்கு முதல் நாள் 11 நிமிஷம். ஒரு மாதத்தில் மூன்று நிமிஷத்துக்கு வந்துவிட்டான். சித்தப்பா மேற்குத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிற பாவனையில் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

இப்போது அவன் தெருக்கோடியில் உள்ள அரவை மில்லில் கணக்குப் பார்க்கிறான். உள்ளங்கையில் ஒரு பட்டை கட்டி அதில் ஒரு குச்சியைச் செருகிக் கொண்டு கம்ப்யூட்டரில் அடிக்கிறான். சம்பளம் பெரிதல்ல. மில்லுக்காரர் ஒரே ஒரு படியை உடைத்துச் சரிவு போட்டுக் கொடுத்தார். நெல் மூட்டை வண்டிக்கும் அதுதான் இப்போது சௌகரியம் என்று அவரே சொல்கிறார். கலியாணத்தைப் பற்றிச் சித்தி பேசுவதுண்டு, அவன் பேசுவதில்லை.

சடுகுடுவை அவன் நெடுநாள் எட்டிப் பார்க்கவில்லை. கோடையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வான். 2019-ல் ஒரு நாள், "அண்ணே, ஒரு பலகை செய்ய வேண்டும்" என்றான். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், கை நுழையப் பக்கங்களில் துவாரம், கட்டுவதற்கு வார்கள். சாதாரண ஒட்டுப் பலகைதான். அதோடு கழுத்தில் மாட்டும் கெட்டியான பட்டை ஒன்று வாங்கினான். அவற்றை எடுத்துக் கொண்டு போட்டி நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போக ஆரம்பித்தான். ஆட்டம் துவங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, விழுந்தவன் காலை அசைக்க முடியவில்லை என்றால் அவனை யாரும் தொடக் கூடாது. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கையாலும் தலையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அவர் எண்ணிக்கை சொன்ன பிறகே மற்ற ஐவரும் சேர்ந்து கட்டை உருட்டுவது போல் ஒரே சீராகத் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும் என்று செய்து காட்டச் சொல்வான்.

எல்லா ஊரிலும் இதற்கு வரவேற்பு இருக்கவில்லை. ஒரு விழாக் குழுவினர், ஆட்டம் ஆரம்பிக்கும்போது தூக்குப் பலகையைக் காட்டுவது அபசகுனம் என்று மறுத்தார்கள். நாற்காலியில் இருப்பவனே அபசகுனம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னதற்குச் சமானம். பையன் வாதாடவில்லை. "மேடையிலே வைக்க வேண்டாம். கோப்பை வைக்கிற மேஜைக்கு அடியிலே வைத்து, துணியைத் தொங்க விடுங்கள்" என்றான். அப்படியே ஆயிற்று. இப்போது எங்கள் பக்கத்தில் ஏழெட்டு ஊர்களில் சுழற்கோப்பை மேஜைக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது.

போன வருஷம் நம்முடைய ஊர்ப் போட்டிக்கு நாம் போயிருந்தோம். அரை இறுதியில் வெளியூர்ப் பையன் ஒருவன் நான்கு பேருக்கு அடியில் அகப்பட்டு, எழுந்திருக்காமல் கிடந்தான். வழக்கம் போல் பத்துப் பேர் ஓடினார்கள். "தொடாதே!" என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் இடி மாதிரி விழுந்தது. கூட்டம் நின்றுவிட்டது. மேஜைத் துணியைத் தூக்கிப் பலகையை உருவினார்கள். தலைமாட்டில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் உட்கார்ந்தார். அவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் ஆறு பேரும் ஒரே உடம்பாகத் திருப்பினார்கள். சித்தப்பா அந்த அறுவரில் கால்மாட்டில் இருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரையில் ஒருவரும் அந்தத் தலையை அசைய விடவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் சுளுக்கு மட்டும். பத்து நாளில் பையன் மறுபடி மைதானத்துக்கு வந்துவிட்டான். ஒரு மணி நேரம் வீணாகப் போயிற்று என்று விழாக் குழுவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆட்டம் மறுபடி துவங்கி, இறுதிப் போட்டி முடியும்போது காலை ஐந்தரை. நம்முடைய ஊர் இரண்டு புள்ளியில் தோற்றுப் போயிற்று. தம்பிக்கு மகா கோபம். கடைசிப் பாட்டுக்குத் தவறான ஆளை அனுப்பினார்கள் என்று வழி நெடுகச் சொல்லிக் கொண்டே வந்தான். சாய்தளத்தில் ஏறும்போதும் நிறுத்தவில்லை.